கண்மாய் நோட்டிலிருந்து ஆய்விதழ் வரை: ஏஐ துணையோடு பேப்பர் போட்ட அனுபவம்

மதுரை வட்டாரக் கல்லூரிகளில் வேதியியல் படிக்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் புராஜெக்ட் செய்கிறார்கள். ஊர் போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மை, கண்மாய்த் தண்ணீரின் தரம், மல்லிகைத் தோட்டத்து மண் என்று வெயிலில் அலைந்து அளவெடுக்கிறார்கள். ஸ்பைரல் பைண்டிங் போட்டு, வைவா முடிந்த கையோடு அது துறை அலமாரிக்குள் போய்விடும். அவற்றில் பல, ஆய்விதழில் வந்திருக்க வேண்டியவை. வராததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஆங்கிலத்தில் பேப்பர் எழுத வராது. தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைக்கு டைட்ரேஷன் (கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவு கண்டுபிடிப்பது) தண்ணிபட்ட பாடு. ஆனால் ‘மெட்டீரியல்ஸ் அண்ட் மெத்தட்ஸ்’ என்று தலைப்புப் போட்டுவிட்டு அடுத்த வரி எழுத உட்கார்ந்தால் கை நகராது.

இந்த இடத்தில் ஏஐ கருவிகள் உண்மையாகவே கைகொடுக்கின்றன. எங்கள் கண்மாய் ஆய்வு ஒன்றை அவற்றின் துணையோடு எழுதி இதழுக்கு அனுப்பினோம், இப்போது அது ஏற்கப்பட்டிருக்கிறது. எந்தெந்த வேலையை அவற்றிடம் விட்டோம், எதை விடவில்லை, எங்கே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது என்பதை, இதே வேலையில் இறங்கப்போகிற ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்குமாக எழுதி வைக்கிறேன்.

கையில் இருந்தவை

இரண்டு கண்மாய்கள். ஒன்று மேலூர்ப் பக்கம், பெரியாறு கால்வாய்த் தண்ணீர் வந்து சேர்வது. இன்னொன்று நகரத்தின் ஓரத்தில், வீட்டுக் கழிவுநீர் ஓடை வந்து கலப்பது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் மழை முடிந்த பிறகும், அதே இடங்களில், பொழுது விடிகிற நேரத்தில், இரண்டு குழுவாகப் பிரிந்து தண்ணீர் எடுத்தோம். நேரம் முக்கியம். பகல் ஏற ஏறப் பாசியும் நீர்ச்செடிகளும் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனைக் கூட்டிவிடும். ஒரு கண்மாயை விடியற்காலையிலும் இன்னொன்றை உச்சி வெயிலிலும் அளந்தால் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. பிஎச், மின்கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன், நைட்ரேட், கடினத்தன்மை ஆகியவற்றை அளந்தோம்.

இதில் நுணுக்கமான வேலை ஆக்சிஜன்தான். 300 மில்லி பாட்டிலைக் குமிழி வராமல் தண்ணீருக்குள் முக்கி நிரப்ப வேண்டும். உடனே மாங்கனீஸ் சல்பேட் 2 மில்லி, கார அயோடைடு அசைடு 2 மில்லி. தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் வீழ்படிவு இறங்கும், இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். படிவு அடங்கியதும் அடர் கந்தக அமிலம் 2 மில்லி விட்டுக் குலுக்கினால் எல்லாம் கரைந்து மஞ்சளாகும். இவ்வளவையும் கண்மாய்க் கரையிலேயே முடித்துவிட வேண்டும். அப்புறம் ஆய்வகத்தில் 200 மில்லியை எடுத்து, 0.025 நார்மல் தயோசல்பேட்டில் டைட்ரேட் செய்து, ஸ்டார்ச்சின் நீலம் மறையும் புள்ளியைப் பிடித்தால், செலவான மில்லியே ஒரு லிட்டர் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனின் மில்லிகிராம். வின்க்ளர் முறை என்பது இதுதான். இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு, கீழே வரும்.

நகரத்துக் கண்மாயில் பிள்ளைகள் பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்தபோது நீர்பாய்ச்சி ஐயா ஒருவர் வந்து பார்த்துக்கொண்டு நின்றார். “அந்த ஓடைய இங்கிட்டுத் திருப்பிவிட்டதுல இருந்துதான் தம்பி ஆகாயத்தாமரை இப்புடி மண்டிக் கெடக்கு. அதுக்கு முந்தி இந்தக் கரையில நின்னா தரை தெரியும்” என்றார். ஒரு மாணவி அதை அப்படியே நோட்டின் ஓரத்தில் தேதி போட்டு எழுதிவைத்தார். அந்த ஓரக்குறிப்புக்கும் பின்னால் வேலை வந்தது.

நோட்டிலிருந்து கணினிக்கு

நோட்டுப் பக்கங்களைப் போனில் படம் பிடித்து ஏஐயிடம் கொடுத்தால் அட்டவணையாக்கித் தந்துவிடுகிறது. கையெழுத்தையும் பெரும்பாலும் சரியாகவே படிக்கிறது. ஆனால் ஒரு வரிசையில் பாட்டில் உடைந்துபோனதால் காலியாக விட்டிருந்த கட்டத்தில், மேலும் கீழும் உள்ள எண்களுக்குப் பொருத்தமாக ஓர் எண் முளைத்திருந்தது. பார்த்தால் சந்தேகமே வராத எண். நாங்கள் ஏற்கெனவே வைத்திருந்த ஏற்பாடு அதைப் பிடித்தது: ஒருவர் நோட்டைப் பார்த்துச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் திரையில் ஒவ்வொரு கட்டமாக ஒப்பிடுவது. பழைய கணக்குப்பிள்ளைகள் செய்த வேலைதான். இதைத் தாண்டாமல் அடுத்த கட்டத்துக்குப் போகவே கூடாது. இங்கே நுழையும் ஒரு பொய் எண் கிராஃப், சராசரி, முடிவுரை எல்லாவற்றிலும் ஏறிக்கொள்ளும், பிறகு எடுக்கவே முடியாது.

பந்தியில் இலை காலியாக இருந்தால் கேட்காமலே ஊற்றிவிட்டுப் போகிறவரைப் போல, காலி இடத்தைக் கண்டால் இந்தக் கருவிகளால் நிரப்பாமல் இருக்க முடிவதில்லை. இந்த வேலை முழுக்க நாங்கள் எதிர்கொண்ட சிக்கல்கள் எல்லாமே இந்த ஒரு குணத்தின் வெவ்வேறு வடிவங்கள்தான்.

கணக்குப் போடுவது

இங்கே ஏஐ அபாரம். எண்களைக் கொடுத்து “முடிவு என்ன?” என்று கேட்கவில்லை. அட்டவணைப் பத்திகளின் தலைப்புகளை மட்டும் கொடுத்து, பைத்தானில் நிரல் எழுதித் தரச் சொன்னோம். அதை, உலாவியிலேயே நிரல் ஓட்டும் கூகுள் கோலாபில் ஒட்டி, எங்கள் எண்களை வைத்து நாங்களே ஓட்டினோம். நிரல் என்பது கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடியது. எந்த வரி எதைக் கூட்டுகிறது என்று அதையே விளக்கச் சொல்லலாம், மறுநாள் திரும்ப ஓட்டினாலும் அதே விடை வரும்.

முதலில் அது எழுதித் தந்தது, இரண்டு தனித்தனிக் கூட்டங்களின் சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை என்ற புள்ளியியல் சோதனை. எங்களுடையது அப்படி இல்லை. அதே இடத்தில் மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று சோடி சோடியாக எடுத்தது. அதைச் சொன்னதும் சோடி டி-சோதனைக்கு மாற்றியது. அளவீடுகள் குறைவு என்பதால் வில்காக்சன் சோதனையையும் சேர்த்துப் பாருங்கள் என்று தானாகவே சொன்னது, நல்ல யோசனை. ஆனால் ‘அதே இடம்’ என்பதை நாம் சொன்னால்தான் அதற்குத் தெரியும். அட்டவணையைப் பார்த்து ஊகிக்காது. ஆக்சிஜன் ஒன்றை மட்டும் பிள்ளைகள் கால்குலேட்டரில் கையாலேயே போட்டுப் பார்த்தார்கள். நிரல் தந்த விடையோடு தசமப் புள்ளி வரை பொருந்தியது. அதற்குப் பிறகுதான் மற்றவற்றை நம்பினோம்.

மேற்கோள் தேடுவது

ஏஐ எழுதுகிற பேப்பர்களைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிற குறை இதுதான், அது முழுக்க உண்மை. “தென்னிந்தியக் கண்மாய்களில் ஆகாயத்தாமரையும் ஆக்சிஜனும் பற்றி ஐந்து மேற்கோள் கொடு” என்று உரையாடல் கருவியைக் கேட்டால், ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ், தொகுதி, பக்கம், டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாக உள்ள இணைய அடையாள எண்) என்று சுத்தமாகக் கொடுத்துவிடும். அதில் ஒன்றின் டிஓஐயை டிஓஐ.ஆர்க் தளத்தில் போட்டுப் பார்த்தோம். எண் உண்மையானது. திறந்த கட்டுரையோ வேறு நாட்டில் வேறு துறையில் எழுதப்பட்டது. இதழின் பெயரும் உண்மை, அந்த ஆண்டில் அந்தத் தொகுதியும் உண்மை. அந்தத் தலைப்பில் ஒரு கட்டுரை மட்டும் உலகத்தில் எங்கும் இல்லை. அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்ற சாத்தியத்தை வைத்து எழுதுகிற கருவி அது. மேற்கோளும் அதற்கு ஒரு சொற்கோவைதான்.

அதனால் தேடும் வேலையை வேறு கருவிகளுக்கு மாற்றினோம். செமான்டிக் ஸ்காலர், கூகுள் ஸ்காலர் இரண்டும் பெரும்பாலும் உண்மையில் உள்ள கட்டுரைகளைத்தான் காட்டும். கிடைத்ததை ஸோட்டெரோ என்ற மேற்கோள் மென்பொருளில் டிஓஐ போட்டுச் சேர்த்தால் விவரங்கள் தானாக வந்து உட்காரும், கடைசியில் இதழ் கேட்கும் வடிவத்தில் மேற்கோள் பட்டியலும் அதுவே தயாராகும். ஸோட்டெரோவில் எனக்குப் பிடித்த இன்னொன்று: ஒரு கட்டுரை பின்னாளில் திரும்பப் பெறப்பட்டிருந்தால், ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் தளத்தின் தரவை வைத்துச் சிவப்பில் எச்சரிக்கும். இலவச மென்பொருள், ஒவ்வொரு துறைக் கணினியிலும் இருக்க வேண்டியது.

கட்டுரை முழுசாகக் கிடைப்பது இன்னொரு தலைவலி. 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தால் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஏறக்குறைய 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. அந்த வசதி இல்லாத இடங்களில் அன்பேவால் என்ற உலாவி நீட்சியைப் போட்டுக்கொள்ளலாம். சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி எங்காவது இருந்தால் காட்டிக்கொடுக்கும். இறக்கிய பிடிஎஃப்களை, நாம் கொடுக்கும் ஆவணங்களிலிருந்து பதில் சொல்லும் கூகுளின் நோட்புக்எல்எம்மில் ஏற்றி, “இந்தக் கட்டுரைகளில் ஆக்சிஜனை எந்த நேரத்தில் அளந்தார்கள்?” என்று கேட்டால், பதிலோடு அது எடுத்த வரியையும் காட்டுகிறது. அந்த வரியைச் சொடுக்கி மூலத்தில் வாசித்துவிட்டுத்தான் மேற்கோளாக எடுத்தோம். மாணவர்கள் வாசிக்காத கட்டுரை எதுவும் பட்டியலில் ஏறக்கூடாது என்பது எங்கள் ஏற்பாடு. பட்டியல் சின்னதாகத்தான் வந்தது. பரவாயில்லை.

எழுதியது

முதலில் தமிழில். இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். பிள்ளைகள் என்ன செய்தார்கள், என்ன கண்டார்கள், அதற்கு என்ன காரணம் என்று நினைக்கிறார்கள் என்பதைப் பேச்சும் எழுத்தும் கலந்த தமிழிலேயே, நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதச் சொன்னேன். ஆங்கிலத்தில் ஒரு வரிக்குத் திணறிய பையன் தமிழில் இரண்டு பக்கம் எழுதினான். அதுவும் தெளிவாக.

அந்தத் தமிழ் வரைவை ஏஐயிடம் கொடுத்து ஆங்கிலமாக்கச் சொன்னபோது வந்த நடை அருமையாகத்தான் இருந்தது. வாசித்துக்கொண்டே போனால் செய்முறைப் பகுதியில் இரண்டு வாக்கியங்கள். நீர் மாதிரிகள் 4 டிகிரி செல்சியஸில் குளிர்வித்து எடுத்துச் செல்லப்பட்டன. எல்லா அளவீடுகளும் மும்முறை செய்யப்பட்டன. இரண்டும் எங்கள் தமிழ் வரைவில் கிடையாது.

பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“சார், எல்லாப் பேப்பர்லயும் இப்படித்தானே சார் இருக்கு? இருந்துட்டுப் போகட்டுமே.”

“நாம ஐஸ் பெட்டி கொண்டு போனோமாப்பா?”

“இல்ல சார்.”

“அப்பக் கரையில வச்சு என்ன செஞ்சோம்?”

“பாட்டில்லயே ஃபிக்ஸ் பண்ணிட்டோம் சார்.”

“அதை எழுது.”

பையன் சொன்னதில் பாதி சரி. எல்லாப் பேப்பரிலும் அப்படித்தான் இருக்கிறது, அதனால்தான் அந்தக் கருவியும் அப்படி எழுதியது. படித்துப் பழகிய ஆயிரக்கணக்கான தண்ணீர் ஆய்வுகளில் அந்த வாக்கியம் வருகிற இடம் அது. ஆனால் எங்கள் விஷயத்தில் அது நடக்கவில்லை. ஆக்சிஜனைக் கரையிலேயே நிலைப்படுத்திவிட்டோம், மற்றவற்றை அன்றைக்கே ஆய்வகத்தில் அளந்துவிட்டோம். மும்முறையும் இல்லை. 300 மில்லி பாட்டிலில் 200 மில்லி எடுத்து டைட்ரேட் செய்தால் ஒரு பாட்டிலுக்கு ஒரு டைட்ரேஷன்தான் நடக்கும், ஓரிடத்துக்கு இரண்டு பாட்டில் எடுத்திருந்தோம். போலி மேற்கோளைப் பிடிக்க இணையத்தில் வழி இருக்கிறது. செய்யாத செய்முறையைப் பிடிக்க, அன்றைக்குக் கரையில் நின்றவரைத் தவிர யாராலும் முடியாது. எந்த மென்பொருளும் சொல்லாது, மதிப்பாய்வாளருக்கும் தெரியாது. ஏஐ வைத்து எழுதுவதில் எனக்கு உண்மையாகவே பயம் உள்ள இடம் இதுதான்.

அதற்கு இரண்டு ஏற்பாடுகள் செய்தோம். ஒன்று, கட்டளையை மாற்றினோம். இப்படி: “கீழே உள்ள பத்தியை ஆய்விதழ் நடையில் ஆங்கிலத்தில் எழுது. இதில் இல்லாத எந்தத் தகவலையும் சேர்க்காதே. எண், அலகு, இடம், நேரம் எதையும் மாற்றாதே. வாசிப்பவருக்குத் தேவையான தகவல் ஏதாவது விடுபட்டிருந்தால் நீயாக நிரப்பாதே, கடைசியில் கேள்வியாகக் கேள்.” இந்தக் கடைசி வரி கொடுத்த பலன் பெரிது. பாட்டிலின் கொள்ளளவு என்ன, தயோசல்பேட்டின் செறிவை எதை வைத்துத் தரப்படுத்தினீர்கள், நிலைப்படுத்தியதிலிருந்து எத்தனை மணி நேரத்தில் டைட்ரேட் செய்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டது. எல்லாமே ஒரு நல்ல வழிகாட்டி கேட்கிற கேள்விகள். பிள்ளைகள் நோட்டைப் புரட்டிப் பதில் எழுதினார்கள். இல்லாத தகவலை ஊற்றிக்கொண்டிருந்த அதே கருவி, கேட்கச் சொன்னதும் விடுபட்டதைத் தேடித் தருகிறது.

இரண்டாவது, ஆங்கில வரைவைப் பிரிண்ட் எடுத்து, தகவல் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே நோட்டின் பக்க எண்ணையோ மேற்கோளின் எண்ணையோ பென்சிலால் எழுதச் சொன்னேன். எண் கிடைக்காத வாக்கியம் வெளியே. அலுப்பான வேலைதான், ஆனால் ஒரே மாலையில் முடிந்துவிடும். இதைச் செய்யாமல் எந்தப் பேப்பரையும் அனுப்ப மாட்டேன்.

விவாதப் பகுதியில் வேறு வகை நிரப்பல். ஆக்சிஜன் குறைவுக்குக் காரணம் தொழிற்சாலைக் கழிவுகளும் வேளாண் ரசாயனங்களும் என்று எழுதியிருந்தது. அந்த நகரத்துக் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் பாதையில் தொழிற்சாலை கிடையாது. வீட்டுக் கழிவுநீர் ஓடை இருக்கிறது, நீர்ப்பரப்பை மூடிய ஆகாயத்தாமரை இருக்கிறது. அந்தச் செடி வெளிச்சத்தைத் தடுப்பதால் தண்ணீருக்குள் ஒளிச்சேர்க்கை நின்றுபோகும். அழுகி விழும் இலையும் கழிவும் மட்கும்போது மிச்ச ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்ளும். நீர்பாய்ச்சி ஐயா சொன்னதை மாணவி ஓரத்தில் குறித்திருந்தாரே, அதை வைத்துத்தான் ஓடை எப்போது திருப்பப்பட்டது என்று விசாரித்து விவாதப் பகுதியை எழுதினோம். நன்றியுரையில் அவருக்குத் தனி வாக்கியம் உண்டு, அவர் சம்மதத்தோடு.

தர அளவுகோலிலும் கருவி வழக்கமான தடத்திலேயே போயிற்று. எங்கள் எண்களை ஐஎஸ் 10500 குடிநீர்த் தரத்தோடு ஒப்பிட்டு, ‘குடிக்க உகந்ததல்ல’ என்று முடித்தது. அந்தக் கண்மாய்த் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. வயலுக்குப் பாய்கிறது, மீன் வளர்க்கிறார்கள், மேலூர்ப் பக்கம் குளிக்கிறார்கள். அதற்கென்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பயன்பாட்டு வகைப்பாடு இருக்கிறது: குளிக்கிற தண்ணீருக்கு லிட்டருக்குக் குறைந்தது 5 மில்லிகிராம் ஆக்சிஜன், மீன்வளத்துக்கு 4, பாசனத் தண்ணீருக்கு மின்கடத்துதிறன் அதிகபட்சம் சென்டிமீட்டருக்கு 2,250 மைக்ரோமோ. இந்த வகைப்பாட்டைச் சொல்லி ஒப்பிடச் சொன்னதும் சரியாகச் செய்தது. அதற்குத் தெரியாத விஷயமல்ல. ஆனால் கண்மாயில் யார் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தவர் சொன்னால்தான் அந்தப் பக்கம் திரும்பும்.

நடையைப் பற்றி ஒன்று. ‘டெல்வ்’, ‘குரூஷியல்’, ‘இன்ட்ரிக்கேட்’ மாதிரிச் சொற்களை அது வாரி இறைக்கும். சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் 2025இல் வந்த ஓர் ஆய்வு, இப்படித் திடீரென்று பெருகிய சொற்களை வைத்தே, 2024இல் வந்த உயிரி மருத்துவ ஆய்வுச் சுருக்கங்களில் குறைந்தது 13.5 சதவீதம் ஏஐ வழியாக வந்தவை என்று கணித்தது. “எளிய சொற்களில், சின்ன வாக்கியங்களில்” என்று கட்டளையிலேயே சேர்த்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

யார் பெயர், என்ன அறிவிப்பு

2023 தொடக்கத்தில் சில கட்டுரைகளில் சாட்ஜிபிடியை இணை ஆசிரியராகவே போட்டார்கள். அந்த ஜனவரியிலேயே நேச்சர் இதழ் இது செல்லாது என்று அறிவித்தது, பதிப்பு நெறிமுறை அமைப்பான கோப் பிப்ரவரியில் அதையே சொன்னது. எழுதியதற்குப் பொறுப்பேற்க முடியாத ஒன்று ஆசிரியராக இருக்க முடியாது என்பது அடிப்படை. சயின்ஸ் இதழ் முதலில் ஏஐ எழுத்தையே தடை செய்து, அந்த நவம்பரில் ‘சொல்லிவிட்டுப் பயன்படுத்தலாம்’ என்று தளர்த்தியது. இப்போது பெரும்பாலான இதழ்களின் வழக்கம் அதுதான். நாங்களும் கட்டுரையின் இறுதியில், ஆங்கில மொழியாக்கத்துக்கும் நிரல் எழுதவும் ஏஐ பயன்படுத்தினோம், எல்லாவற்றையும் நாங்களே சரிபார்த்தோம், பொறுப்பு எங்களுடையது என்று கருவியின் பெயரோடு எழுதினோம். மறைக்க எதுவும் இல்லை.

படங்களை மட்டும் ஏஐயிடம் விடவே இல்லை. 2024 பிப்ரவரியில், மிட்ஜர்னி என்ற ஏஐ படக்கருவி வரைந்த அர்த்தமில்லாத எலி உடற்கூறு படத்தோடு ஒரு கட்டுரை மதிப்பாய்வையும் தாண்டி வெளியாகி, சில நாளில் திரும்பப் பெறப்பட்டது. எங்கள் வரைபடம் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், கிராஃப் பைத்தானில்.

அனுப்புவதற்கு முன் ஒற்றுமைச் சோதனை, அதாவது ஏற்கெனவே வெளிவந்த எழுத்துகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்ப்பது. யுஜிசியின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை பிரச்சினையில்லை, அதைத் தாண்டவில்லை. ஆனால் ஏஐ கண்டறியும் கருவி ஒன்று, மாணவி தானே ஆங்கிலத்தில் எழுதிய முன்னுரைப் பத்தியை ‘ஏஐ எழுதியது’ என்று காட்டியது. அந்தப் பெண் கண் கலங்கிவிட்டாள். இந்தக் கருவிகளின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளை வைத்து 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சோதித்தபோது, பாதிக்கு மேற்பட்டவற்றை இவை ஏஐ என்று தவறாகக் குறித்தன. ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திக்கொண்டது. எளிய சொற்களில் நேராக எழுதுகிற நம் பிள்ளைகள்தான் இதில் முதலில் மாட்டுகிறார்கள். தமிழ் வரைவு, நோட்டுப் பக்கங்கள், கூகுள் டாக்ஸின் பதிப்பு வரலாறு மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள். யாராவது கேட்டால் காட்ட வேறு ஆதாரம் கிடையாது.

இதழ் தேடியது

“ஏழே நாளில் வெளியீடு, சான்றிதழ் உண்டு” என்று வாட்ஸ்அப்பில் வரும் அழைப்புகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பேப்பர் போட்டுத் தருகிறோம் என்று முழுசாக எழுதியே கொடுக்கிறவர்களும் உண்டு. 2025 பிப்ரவரியில் யுஜிசி தான் அங்கீகரித்த இதழ்களின் பட்டியலான கேர் பட்டியலைக் கைவிட்டதிலிருந்து நல்ல இதழ் எது என்று பார்க்கும் பொறுப்பு நம் தலையில்தான். முனைவர் பட்டத்துக்குக் கட்டாயமாக இருந்த ‘பேப்பர் போட வேண்டும்’ என்ற விதியையும் யுஜிசி 2022 நவம்பரில் எடுத்துவிட்டது. அவசரத்துக்குக் காசு கட்டிப் போடும் தேவை பாதி குறைந்துவிட்டது என்பது பலருக்கு இன்னும் தெரியவில்லை.

பதிப்பகங்களின் இதழ் தேடும் கருவிகளில் ஆய்வுச் சுருக்கத்தை ஒட்டினால் அந்தந்தப் பதிப்பகத்தின் இதழ்களைத்தான் காட்டும். எல்லோரும் இலவசமாக வாசிக்கக்கூடிய இதழ்களின் தொகுப்பான டிஓஏஜே தளத்தில், எழுதுபவரிடம் கட்டணம் வாங்காத இதழ்களை மட்டும் வடிகட்ட முடியும். அங்கே எடுத்து, அந்த இதழில் கடைசியாக வந்த கட்டுரைகளைத் திறந்து வாசித்து, எங்கள் அளவுள்ள சின்ன ஆய்வுகளை வெளியிடுகிறதா என்று பார்த்து முடிவெடுத்தோம்.

மதிப்பாய்வு

இரண்டு மதிப்பாய்வாளர்கள். ஒருவர் கேட்ட முதல் கேள்வியே, கரையிலிருந்து ஆய்வகம் வரும்வரை ஆக்சிஜன் மாதிரிகளை எப்படிப் பாதுகாத்தீர்கள், எந்த நேரத்தில் எடுத்தீர்கள் என்பதுதான். நோட்டில் இருந்ததை இன்னும் விரிவாக எழுதி அனுப்பினோம். இன்னொருவர், பிஓடி (தண்ணீரிலுள்ள கழிவை மட்கச் செய்ய நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு) ஏன் அளக்கவில்லை என்று கேட்டிருந்தார்.

பதில் கடிதத்தை ஏஐயிடம் வரையச் சொன்னோம். மதிப்பாய்வாளரின் நீண்ட ஆங்கிலத்தைப் பிரித்து, எது கேள்வி, எது ஆலோசனை, எது வெறும் கருத்து என்று வரிசைப்படுத்தித் தந்தது பெரிய உதவி. ஆனால் பிஓடி கேள்விக்கு அது எழுதிய பதில்: “மதிப்பாய்வாளரின் மேலான ஆலோசனைப்படி பிஓடி அளவீடுகளைச் செய்து அட்டவணையில் சேர்த்துள்ளோம்.” இந்தத் தடவை மாணவியே பிடித்துவிட்டார். பிஓடிக்கு 20 டிகிரியில் ஐந்து நாள், அல்லது நம் நாட்டு முறைப்படி 27 டிகிரியில் மூன்று நாள், வெப்பம் மாறாமல் வைக்க இன்குபேட்டர் வேண்டும். எங்களிடம் அப்போது இல்லை. “அளக்கவில்லை, காரணம் இது, ஆய்வின் வரம்பாகக் குறிப்பிட்டிருக்கிறோம்” என்று அவரே ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதினார். இலக்கணத்தை மட்டும் கருவி திருத்தியது. மதிப்பாய்வாளர் அதை ஏற்றுக்கொண்டார்.

கட்டுரை ஏற்கப்பட்டதும் அளவீடுகள், நிரல், நோட்டுப் பக்கங்களின் ஸ்கேன், பிள்ளைகள் எழுதிய தமிழ் வரைவு எல்லாவற்றையும் ஜெனோடோவில் ஏற்றினோம். செர்ன் நடத்தும் இலவசக் களஞ்சியம் அது. நம் தரவுக்குத் தனி டிஓஐ எண்ணும் கிடைக்கும். தமிழ் வரைவின் ஒரு பிரதியை அந்தக் கண்மாயின் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்துக்குக் கொடுத்தோம். வாசித்துவிட்டு, கழிவுநீர் ஓடை கலக்கும் இடத்திலும் தண்ணீர் எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இன்குபேட்டருக்குத் துறையில் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அது வந்தால் அடுத்த பருவமழைக்கு முன் அந்த இடத்தையும் சேர்த்து, பிஓடியோடு அளப்பதாகத் திட்டம்.